இந்த மாதம் பணம் வேண்டாம்

ராஜபாளையம்
பங்குனி 28

அன்புள்ள ஐயாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் கூப்பிட்டால் ‘அப்புறம் பேசுறேம்மா’ என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம். காய்ப் பைக்குள் வைத்து அனுப்புகிறேன்.

தோட்டத்தில் காய் அள்ள முடியவில்லை. மாசி பிறந்ததும் ஊன்றிய வெண்டை 45 நாளில் பறிப்புக்கு வந்துவிட்டது. இருபது செடிதான், ஒன்றுவிட்டு ஒரு நாள் அரைக் கிலோவுக்குக் குறையாது. ஒரு நாள் அசந்தால் முற்றிப்போகிறது. நுனியை ஒடித்தால் படக்கென்று ஒடியாமல் நாராக வளையும். சுணை பட்டு முழங்கை வரை அரிப்பு, அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பறிக்கிறேன். சுரைக்கொடி பந்தலையே இறக்கிவிடும் போலிருக்கிறது. தக்காளிதான் வெயில் தாங்காமல் பூவையெல்லாம் உதிர்த்துவிட்டது, போகட்டும். காய் வாங்கக் கடைப்பக்கம் போய் இருபது நாளாகிறது. அதனால் இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். இங்கே செலவே இல்லை.

கத்தரியில்தான் கொஞ்சம் தொந்தரவு. போன வாரம் நாலு செடியில் நுனி தலைசாய்ந்து நின்றது. பக்கத்து வீட்டுச் சித்தி, வேருக்குத் தண்ணீர் பற்றவில்லை என்று தினம் இரண்டு குடம் ஊற்றச் சொன்னாள். நான் நுனியைக் கிள்ளிப் பிளந்து பார்த்தேன். தண்டுக்குள்ளே வெளிர் சிவப்பாக ஒரு புழு குடைந்துகொண்டு கிடக்கிறது. வெளியே ஒரு ஊசித்துளைதான் தெரிகிறது. வாடிய நுனியையெல்லாம் நறுக்கித் தீயில் போட்டுவிட்டு வேப்பெண்ணெய் அடித்திருக்கிறேன். கீழே புதுத் துளிர் வந்துவிட்டது.

நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தண்ணீர் நிறையக் குடி. பெங்களூரிலும் இப்போது வெயில் கொளுத்துகிறதாம். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் பேசினாயே, பின்னால் குக்கர் விசில் அடித்தது. லீவு போல என்று நினைத்தேன். வியாழக்கிழமையும் அப்படித்தான். சரி, இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்களாம்.

பொங்கலுக்கும் நீ வரவில்லை. அக்கா மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை என்று இங்கே வந்து அழுகிறாள். வைகாசியில் அவள் பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் நீ ஒருத்தன்தானே, வேறு யார் மடியில் உட்காரவைப்பது? மாமன் சீருக்கு என் பழைய கம்மல் ஜோடியை எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். நீ வந்து மடி கொடுத்தால் போதும். எட்டாவது முழுப்பரீட்சை அன்றுகூட இரண்டு குடம் அடித்துச் செடிக்கு ஊற்றிவிட்டுப் போன பிள்ளை நீ. இன்றைக்கும் தெருவில் அதைச் சொல்லாதவர் இல்லை. அக்கா போனை எடுக்க மட்டும் கை வலிக்கிறதா?

இந்தத் தோட்டம் எப்போது போட்டது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். மில்லைப் பூட்டினதும் அப்பா எட்டு மாதம் வீட்டில் இருந்தாரே, அப்போது. நீ ஆறாவது. ஒரு ராத்திரி நீங்கள் இரண்டு பேரும் தூங்கின பிறகு அவருக்குச் சோறு போட்டேன். போடும்போதே, “மண்ணைக் கிண்டினா மாசச் சம்பளம் வந்துருமா?” என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சோற்றில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு வெளியே போனார். இருட்டில் வெண்டைக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் எழுந்து போகவில்லை. அதற்கப்புறம் அந்த மனுஷன் கஷ்டம் என்று ஒன்றை என்னிடம் சொன்னதே இல்லை. நெஞ்சு வலித்ததைக்கூட முதலில் டீக்கடையில்தான் சொல்லியிருக்கிறார். அவர் வாயை அடைத்தவள் நான்தான் ஐயா. இத்தனை வருஷத்தில் உன் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை.

உனக்கும் அவர் குணம். அதனால் எழுதுகிறேன். மருமகளிடம் எதையும் மறைக்காதே. அவள் என்னை மாதிரி கிடையாது. அவள் ஏதாவது சொல்லிவிட்டாலும் சாப்பாட்டை விட்டு எழுந்திருக்காதே. பணம் அனுப்ப வேண்டாம், அதை மறுபடியும் சொல்லிவிடுகிறேன்.

பந்தல் கம்பு இரண்டு உளுத்துவிட்டது. மாற்ற ஆள் கூப்பிட்டால் ஐந்நூறு கேட்கிறான். குட்டியையும் கூட்டிக்கொண்டு ஒரு மாதம் வந்து இருந்தால் நீயே மாற்றிவிடலாம், கிணற்றில் தண்ணீர் இருக்கிறது.

பையை ராத்திரி பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். காலையில் போய் வாங்கிக்கொள். வெண்டைக்காயை அன்றைக்கே சமைக்கச் சொல், கத்தரி இரண்டு நாள் தாங்கும். அடியில் மஞ்சள் துணியில் கொத்தவரங்காய் வற்றல் இருக்கிறது, நமுத்துப்போகும் முன் டப்பாவில் கொட்டி வை.

அம்மா