முகவலி என்று எழுதி வந்தால் அந்த நரம்பைப் பாருங்கள்: ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் எம்.ஆர்.ஐ. படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதும் கதிரியல் மருத்துவர்களுக்கும், ஸ்கேன் மையங்களை நடத்துபவர்களுக்கும்,

வணக்கம்.

என் அம்மாவின் மூளை எம்.ஆர்.ஐ.க்கு உங்களில் ஒருவர் எழுதிய ரிப்போர்ட் என்னிடம் இருக்கிறது. பெயர் சொல்லப்போவதில்லை. சொல்ல வந்தது அவர் ஒருவரைப் பற்றியும் அல்ல. அனுப்பிய மருத்துவர் சீட்டில் ‘இடது பக்க முகவலி, டிரைஜெமினல் நியூரால்ஜியாவா?’ என்று கேள்விக்குறி போட்டுத்தான் அனுப்பினார். ரிப்போர்ட்டோ ‘குறிப்பிடத்தக்க மாறுதல் ஏதும் இல்லை’ என்று முடிகிறது. கேட்ட நரம்பின், அதாவது முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோகும் டிரைஜெமினல் நரம்பின் பெயர் அதில் ஓரிடத்திலும் கிடையாது. நரம்பு நன்றாக இருக்கிறதா, மெலிந்திருக்கிறதா, ரத்தக்குழாய் ஏதும் அதன்மேல் படுகிறதா, ஒரு வரிகூட இல்லை.

சென்ற மாதம் வேறொரு ஊரில், நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவர் அந்த எம்.ஆர்.ஐ. படங்கள் இருந்த குறுந்தகட்டைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார். கழுத்து வழியாக மூளைக்கு ஏறும் கரோடிட் தமனியிலிருந்து கிளம்பி, பின்னால் போய், மூளையின் பின்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பேசிலர் தமனியில் சேரும் ஒரு கறுப்புக் கோட்டைப் பேனா முனையால் காட்டினார். பெர்சிஸ்டென்ட் ப்ரிமிட்டிவ் டிரைஜெமினல் ஆர்ட்டரி, அதாவது மறையாமல் மிச்சமிருக்கும் ஒரு கருக்காலத் தமனி. நீங்கள் படித்துத் தேர்வெழுதிய விஷயம்தான். கரு சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும்போது மூளையின் பின்பக்கத்துக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, வேறு வழி உருவானதும் மறைந்துவிட வேண்டிய தமனி. சிலருக்கு மறைவதில்லை. 1844-இலேயே உடற்கூறாய்வில் கண்டு எழுதிவைத்திருக்கிறார்கள். பக்கவாட்டுப் படத்தில் கிரேக்க எழுத்தான ‘டாவ்’ வடிவில் தெரியும் என்று உங்கள் பாடப்புத்தகமே சொல்கிறதாம். பிறகு மெல்லிய வெட்டுகளாக எடுத்த ஸ்கேனில் அந்தத் தமனி நரம்பின்மேல் அழுத்திக்கொண்டு கிடப்பது தெளிவாகத் தெரிந்தது.

அது இருந்தாலே வலி வரும் என்று நான் வாதாட வரவில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றும் செய்வதில்லை என்றும், டிரைஜெமினல் நரம்பு வலிக்கு வழக்கமான காரணம் சிறுமூளைக்குப் போகும் சுப்பீரியர் செரிபெல்லர் தமனிதான் என்றும் எனக்குச் சொன்னார்கள். சரி. அந்தத் தமனியையாவது பார்த்தீர்களா?

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கன்னத்தில் காற்று பட்டால் போதும், கரண்ட் அடித்தாற்போல் மேல்தாடையில் வெட்டும். அதனால் அக்கினி நட்சத்திரத்திலும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஃபேன் ஓடவில்லை. எங்களுக்கு வேர்ப்பதைப் பார்த்துவிட்டு, “நீங்க போட்டுக்கோங்க” என்று அம்மா பாயை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். அங்கே ஃபேன் கிடையாது. பகலெல்லாம் அடுப்பெரிந்த சூடு சுவரில் அப்படியே இருக்கும். கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்தி, முந்தானையைக் கன்னத்தில் படாமல் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். போர்த்தினாலும் வலி, போர்த்தாவிட்டால் காற்று. அப்பா கூடத்தில் ஃபேனைப் போடவும் மனமில்லாமல், நிறுத்தியதைச் சொல்லவும் முடியாமல் விழித்துக் கிடப்பார். வலி பல்லில்தான் என்று நினைத்து இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியாயிற்று. கார்பமாஸெபின் மாத்திரை வலியைக் குறைத்தது, ஆனால் தலைசுற்றலும் சோடியம் குறைவும் வந்தன. இத்தனைக்கும் நடுவில்தான் அந்த ‘மாறுதல் ஏதும் இல்லை’.

எனக்கு ஆறாத விஷயம் இன்னொன்று. அந்த ரிப்போர்ட்டை நம்பி, கன்னம் வழியாக ஊசி செலுத்தி நரம்பு முடிச்சைச் சுடலாம் என்று ஒரு மருத்துவமனையில் நாள் குறித்திருந்தார்கள். இந்தத் தமனி அந்த நரம்பை ஒட்டியே ஓடுவது; இப்படிப்பட்ட ஊசி சிகிச்சைக்கு முன்னால் இது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று மருத்துவ இதழ்களில் எச்சரித்திருக்கிறார்கள். குத்துகிற மருத்துவருக்கு இருக்கும் ஒரே வரைபடம் நீங்கள் எழுதித் தரும் தாள். அதில் தமனியே இல்லையென்றால் அவர் எதைத் தவிர்ப்பார்?

எனவே கேட்பது இதுதான். முகவலி என்று எழுதி வரும் நோயாளிக்கு அந்த நரம்பைப் பார்க்கும் விதத்தில் ஸ்கேன் எடுங்கள். சாதாரண மூளை ஸ்கேனில் ஒரு வெட்டு ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் தடிமன். நரம்பே சில மில்லிமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வெட்டுகளில் எடுக்கும் முறை உங்கள் இயந்திரத்திலேயே இருக்கிறது. ஒரு கம்பெனி அதை சிஸ் என்கிறது, இன்னொன்று ஃபியஸ்டா என்கிறது. கூடவே ரத்தக்குழாய்களைக் காட்டும் டி.ஓ.எஃப். ஆஞ்சியோ. இரண்டுக்கும் கான்ட்ராஸ்ட் ஊசி வேண்டாம். கூடுதலாகச் சில நிமிடங்கள் ஆகும்.

அரிதான ஒன்றுக்கு இவ்வளவா என்று கேட்கலாம். ஆயிரத்தில் ஒருவரிலிருந்து ஆறு பேர் வரை இந்தத் தமனி இருப்பதாகக் கணக்கு. குறைந்த எண்ணையே எடுத்தாலும், 2011 கணக்கெடுப்பில் 7 கோடியைத் தாண்டிய மாநிலத்தில் 70,000 பேர். அவர்களில் முகவலிக்காரர் சிலரே என்பது தெரியும். அந்தச் சிலர் உங்களிடம்தான் வருகிறார்கள்.

நேரம் இல்லை என்கிறீர்கள். ஒரு மருத்துவர் எங்கோ உட்கார்ந்து பல ஊர்ப் படங்களை ஒரே இரவில் படிக்கிறார், ஏற்கெனவே டைப் அடித்து வைத்த வாசகத்தில் பெயரும் வயதும் மட்டும் மாறுகின்றன என்பதெல்லாம் ஊரறிந்த சங்கதி. ஆனால் ஃபிலிம் போட்டுத் தரும் பளபளப்பான பையில் மையத்தின் பெயரையும் முழு உடல் பரிசோதனைச் சலுகையையும் நான்கு வண்ணத்தில் அச்சடிக்க நேரம் கிடைத்திருக்கிறது. அனுப்பிய டாக்டருக்குப் போகும் கட்டிங்கும் தாமதமில்லாமல் போய்விடுகிறது என்று கேள்வி. ரிப்போர்ட்டின் அடியில் ‘நோயாளியின் அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்’ என்று மறக்காமல் எழுதுகிறீர்கள். ஐயா, அறிகுறி சீட்டிலேயே இருந்தது. ஒப்பிட்டிருக்க வேண்டியவர் நீங்களும்தானே?

கோபம் எல்லை மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இருட்டறையில் கண் வலிக்க உட்கார்ந்து கவனமாகப் படிப்பவர்கள் உங்களில் நிறையப் பேர் உண்டு. அம்மாவின் தமனியைக் காட்டிய அறுவை மருத்துவரும், கடைசிச் சொல் உங்களில் ஒருவருடையதாக இருக்கட்டும் என்று, தாம் நம்பும் ஒரு கதிரியல் மருத்துவரைக் கேட்டு உறுதி செய்த பிறகே எங்களிடம் முடிவாகச் சொன்னார்.

மையம் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முகவலிக்கென்று தனி ஸ்கேன் முறையை உங்கள் டெக்னீஷியன்களுக்கு எழுதிக் கொடுங்கள். சீட்டைப் படிக்காமல் நோயாளியை மேசையில் படுக்க வைக்க வேண்டாம். ரிப்போர்ட் எழுதுபவர்களிடம்: டிரைஜெமினல் நரம்பு இரு பக்கமும் எப்படி இருக்கிறது, எந்த ரத்தக்குழாய் அதைத் தொடுகிறது, கருக்காலத் தமனி ஏதும் மிச்சமிருக்கிறதா என்று இரண்டு வரி எழுதுங்கள். பார்த்து, ஒன்றும் இல்லையென்றால் ‘பார்த்தோம், இல்லை’ என்றே எழுதுங்கள். அதை நாங்கள் நம்புவோம்.

இப்படிக்கு,
முகவலி நோயாளி ஒருவரின் மகள்