தலைப்பு எழுத்தை நசுக்காம போடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

ஞாயிறு இணைப்புல கொஞ்ச நாளா தலைப்புக்கு ஒரு புது ஃபாண்ட் போடுறீங்களே, ஒல்லியா உயரமா, ஒரு கோடு நல்லா தடிமனா பக்கத்து கோடு தலைமுடி மாதிரி மெல்லிசா, பாக்கவே அவ்ளோ அழகா இருக்கு, தயவுசெஞ்சு அதை எடுத்துடாதீங்க. படிக்க கஷ்டமா இருக்குன்னு ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, அவர் சொல்றதும் ஞாயம்தான், ஆனா கோளாறு ஃபாண்ட்ல இல்ல, அதை எங்கெங்க போடுறீங்கங்கறதுல இருக்கு.

பெருசா போட்டா அது ஜம்முனு நிக்குது. அதையே போட்டோவுக்கு கீழ பொடி எழுத்துல போட்டா மெல்லிசு கோடெல்லாம் அங்கங்க விட்டுப்போகுது, கறுப்பு பட்டையில வெள்ளை எழுத்தா போட்டா மை பரவி கோடே மூடிக்குது, மூணு சுழி ண எது ரெண்டு சுழி ன எதுன்னு தெரியல, மெய்யெழுத்துக்கு மேல புள்ளியும் காணாம போயிடுது. 18ஆம் நூற்றாண்டு கடைசியில இத்தாலியில இருக்குற பார்மாவுல போடோனிங்கற அச்சுக்காரரும் பாரிஸ்ல டிடோங்கற அச்சுக்கார குடும்பமும் இந்த மாதிரி எழுத்தை வார்த்தாங்கன்னா அப்போ வழுவழு பேப்பரும் துல்லியமான அச்சும் வந்திருந்துச்சு. பத்திரிகை அச்சடிக்கிற நியூஸ்பிரிண்ட் மையை உறிஞ்சுற பேப்பர், அதுல பொடி சைஸ்ல இதை போடவே கூடாது.

இன்னொண்ணு, இதுதான் ரொம்ப முக்கியம். முதல் பக்கத்துல தலைப்பு இடத்துக்குள்ள அடங்கலன்னா சாதா ஃபாண்டையே கம்ப்யூட்டர்ல அகலத்தை குறைச்சு நசுக்கிடுறீங்க. அப்படி 70 சதவீதத்துக்கு நசுக்கினா நிக்கிற கோடு மட்டும் மெலியும், படுத்த கோடு அதே தடிமன்ல இருக்கும், ட, ப எல்லாம் அடிப்பக்கம் கனத்து கோணலா தெரியும். ஒல்லியா இருக்கணும்னே வரைஞ்ச எழுத்துல எந்த கோடு எவ்ளோ தடிமன், சுழிக்குள்ள எவ்ளோ வெள்ளை இடம்னு ஒவ்வொண்ணா பாத்து பாத்து செஞ்சிருப்பாங்க. தமிழுக்கு அது கட்டாயம் வேணும்ங்க, "பேச்சுவார்த்தை"ன்னு ஒரு சொல் போட்டாலே ஒரு பத்தியோட அகலமே நிறைஞ்சிடுதே, கொம்பும் காலும் வேற தனித்தனியா இடம் கேக்குது. கைவசம் நல்ல ஒல்லி ஃபாண்ட் இருக்கப்போ அதை இணைப்புல மட்டும் வெச்சுக்கிட்டு முதல் பக்கத்துல நசுக்குறது ஏன்னு எனக்கு புரியல.

அதனால தலைப்புக்கு மட்டும், அதுவும் எழுத்து அளவு 36 பாயிண்டுக்கு (அரை அங்குலம்) மேல இருந்தா மட்டும் இதை போடுங்க, முதல் பக்கத்துக்கும் கொண்டு வாங்க. போட்டோ குறிப்புக்கு பழைய ஃபாண்டே போதும்.

முடிஞ்சா இதை வரைஞ்சவங்க பேரையும் இணைப்புல ஒரு ஓரத்துல போடுங்க. உகர ஊகார வரிசைக்கு மட்டுமே 18 மெய்க்கும் சேத்து 36 எழுத்து, எல்லாத்துக்கும் ஒரே வளைவு கிடையாது, அத்தனையும் உக்காந்து வரைஞ்சிருக்காங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர்