வாரிஸ் ஹுசேனுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

கால இயந்திரத்தில் பயணிக்கும் ஒருவரைப் பற்றிய பிபிசி தொலைக்காட்சித் தொடரான 'டாக்டர் ஹூ'வின் முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசேன் லக்னோவில் பிறந்தவர் என்று சொன்னால் இன்றும் பலர் நம்புவதில்லை. 1963-ல் அந்த வேலை அவர் கைக்கு வந்தபோது வயது 24. அந்தக் கதையில் வரும் குகை மனிதர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவரே தயங்கியிருக்கிறார். அவரைப் பாராட்ட ஆள் இருக்கிறார்கள். இந்த மடல் அவருக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு.

தொடரின் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் அம்மையாருக்கு முதல் வணக்கம். அவருக்கும் அப்போது 27 வயதுதான். பிபிசி நாடகப் பிரிவில் பெண் தயாரிப்பாளரையும் இந்திய முகமுள்ள இயக்குநரையும் பார்த்துப் பழகாத காலம் அது. இருவரும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கவில்லை. மேலதிகாரி சிட்னி நியூமனுக்கும் நன்றி. எடுத்துக் கொடுத்த முதல் பகுதி அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஆளை மாற்றாமல், அதே ஆட்களிடம் மறுபடி எடுக்கச் சொன்னார். இப்படி ஒரு மேலதிகாரி வாய்ப்பது லேசில்லை.

அப்புறம் படப்பிடிப்பு நடந்த லண்டன் லைம் குரோவ் ஸ்டுடியோ 'டி'-யில் வியர்த்து வழிந்தவர்கள். இடுக்கமான தளம், விளக்குச் சூடு, கனத்த பழைய கேமராக்கள். ஒளிநாடாவை வெட்டி ஒட்டுவது செலவு என்பதால் மேடை நாடகம் போலத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே போக வேண்டும். முதல் முயற்சியில் கால இயந்திரத்தின் கதவு ஒழுங்காக மூடாமல் டமார் டமாரென்று அடித்துக்கொண்டே இருக்கும். நடிகர்கள் காதில் வாங்காதவர்கள்போல் வசனம் பேசுவார்கள். அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது, பாருங்கள். கதவுக்குப் பின்னால் யாரோ ஒருவர் அதை இழுத்துப் பிடிக்கப் பாடுபட்டிருப்பார். அவருக்கும் என் நன்றி.

தொடரின் முகப்பு இசைக்கு ரான் கிரெய்னர் எழுதிய மெட்டை, சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி கைக்கு வராத நாளில், ஒலிநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி உருவாக்கியவர் டெலியா டெர்பிஷைர். கிரெய்னர் அவருக்கும் பங்கு கொடுக்க நினைத்தார். நிறுவன விதி இடம் தரவில்லை. தொடரின் திரையில் டெலியாவின் பெயர் வர 2013 ஆனது, அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து. கால இயந்திரம் கிளம்பும்போது கேட்கும் அந்த மூச்சிரைப்பு ஒலி, பிரையன் ஹாட்ஜ்சன் வீட்டுச் சாவியால் பியானோ கம்பியைத் தேய்த்து எடுத்தது.

ஆனாலும் நான் மிகவும் கடன்பட்டிருப்பது ஸ்டுடியோவுக்குள் கால் வைக்காதவர்களுக்கு. 1964-ல் வந்த 'மார்க்கோ போலோ' கதையில் ஏழு பகுதிகள்; ஆறு ஹுசேன் இயக்கியவை. ஒளிநாடாவை அழித்து மறுபடி பயன்படுத்திய காலம். படச்சுருளும் போயிற்று, ஒரு பகுதிகூட மிஞ்சவில்லை. மிஞ்சியது ஒலி மட்டும். வீட்டுத் தொலைக்காட்சி முன் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்துகொண்ட ரசிகர்களின் உபயம் அது. இனி திரும்பப் பார்க்க முடியாது என்று தெரிந்துதான் அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள்.

படத்துக்கு ஜான் குரா. ஒளிபரப்பாகும்போதே திரையைப் பார்த்து கேமராவில் சொடுக்கி, அந்தப் புகைப்படங்களை இயக்குநர்களுக்கும் நடிகர்களுக்கும் விற்றவர். தாங்கள் செய்த வேலைக்கு வேறு சாட்சி இல்லாத காலத்தில் அவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். ஹுசேனும் வாங்கினார், தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்; பல ஆண்டு கழித்து 'மார்க்கோ போலோ' படங்கள் அவரிடமிருந்தே கிடைத்தன. அந்த ஒலியையும் இந்தப் படங்களையும் பொறுமையாக ஒட்டவைத்துப் பார்க்கும்படி செய்த ரசிகர்களே, உங்களால்தான் நான் அந்தக் கதையைப் பார்த்தேன்.

நான்காம் பகுதிக்கு மட்டும் இந்தப் படங்கள் இல்லை. அதை இயக்கியவர் ஜான் கிராக்கெட், அதனால் ஹுசேனின் சேகரிப்பில் அது சேரவில்லை. கிராக்கெட்டுக்கும் அந்த வாரம் உழைத்தவர்களுக்கும் சேர்த்தே இந்த நன்றி.

அன்புடன்,
ஒரு ரசிகன்