அங்கோர் போய் முழங்கால் நோவோட வந்த கதை

அன்பான மச்சான்,

உன்ரை மெசேஜ் பார்த்தனான், உடனை பதில் போடேல்லை எண்டு கோவிக்காதை, கம்போடியாவாலை வந்து இண்டைக்குத்தான் காலை நீட்டி இருக்கிறன். கண் ஒப்பரேசன் நல்லபடியா முடிஞ்சது பெரிய நிம்மதி, கொஞ்ச நாளைக்கு ரீவியைக் குறை. அங்கை இன்னும் ஸ்னோவாமே, இஞ்சை வெயில் ஆளை அவிக்குது.

ரூர் கதை கேட்டனி. உது ரூர் இல்லையடா, தண்டனை. கோயில் ஆக்கள், ரிட்டயர்ட் ரீச்சர்மார், அவையின்ரை சம்பந்திமார் எண்டு ஒரு பஸ் நிறையச் சனம், ஒவ்வொருத்தரின்ரை பையிலையும் பருத்தித்துறை வடையும் மிக்சரும். இரவு பஸ்ஸிலை கட்டுநாயக்கா, அங்கையிருந்து பாங்கொக், பேந்து அங்கோருக்குக் கிட்ட இருக்கிற சியெம் ரீப் ரவுண், ஹோட்டல்லை முகம் கழுவ முதலே விடிய நாலரைக்கு எல்லாரும் கீழை நிக்கவேணும் சூரிய உதயம் பார்க்க எண்டு சொல்லிப்போட்டாங்கள். அங்கோர் கோயிலுகள் பார்க்க ஒரு நாள் ரிக்கற் 37 டொலர், அதிலை எங்கடை மூஞ்சியையும் அடிச்சுத் தாறாங்கள். அந்த இருட்டுக்கை குளத்தடியிலை போய் நிண்டால் உலகத்துச் சனம் முழுக்கப் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்குது, சூரியன் மட்டும் வரேல்லை, ஒரே முகில்.

எண்டாலும் அங்கோர் வாட் அங்கோர் வாட்தான், குறை சொல்லக் கூடாது. 12ஆம் நூற்றாண்டிலை இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டினது, இப்ப உள்ளுக்கை புத்தர். மேற்கு வாசல், அதாலைதான் கோபுரத்துக்குப் பின்னாலை சூரியன் எழும்பும் எண்டு இந்த ஓட்டமெல்லாம். நடுக்கோபுரம் 65 மீற்றர், மேல்தட்டுக்குப் போற படி ஏணி மாதிரிச் செங்குத்து, நான் கீழையே இருந்திட்டன். எங்கடை ஆள் ஒருத்தர் அரைக் காற்சட்டையோட போய்த் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேணுமாம். நல்லூரிலை சேட்டைக் கழட்டு எண்டு நிக்கிறாங்கள், அங்கை மூடு எண்டு நிக்கிறாங்கள், கடவுளுக்கு என்னதான் வேணுமோ.

கிழக்குப் பக்கச் சுவரிலை பாற்கடல் கடையிற காட்சி இருக்கு, கிட்டத்தட்ட 49 மீற்றர் நீளத்துக்கு ஒரே சிற்பம், ஒரு பக்கம் அசுரர் மற்றப்பக்கம் தேவர், வாசுகியைப் பிடிச்சு இழுக்கினம். எல்லாரும் நடுவிலை நிக்கிற விஷ்ணுவைத்தான் படமெடுத்தவை. நீ கீழை பார்க்கவேணும் மச்சான், மத்துக்குக் கிட்ட இருக்கிற மீனெல்லாம் ரெண்டா அறுந்து கிடக்கு, தள்ளிப் போகப் போக மீன் முழுசா நீந்துது. கடைஞ்ச வேகத்தை அப்பிடிக் காட்டியிருக்கிறான் அந்தச் சிற்பி. நான் குனிஞ்சு பார்த்துக்கொண்டு நிக்க எங்கடை கைட் கொடியைத் தூக்கிக்கொண்டு 'போவம் போவம்' எண்டு அடுத்த வாசலாலை போட்டான்.

தா புரோம் எண்டு மரவேர் மூடின கோயில் ஒண்டு, படங்களிலை பார்த்திருப்பாய், ஏழாம் ஜெயவர்மன் 1186 இலை கட்டினது, வேரோட நிண்டு படமெடுக்க லைன். எங்களோட வந்த மயிலிட்டி அக்கா ஒராள் லைனிலை நிக்கவே மாட்டன் எண்டிட்டா. ஆமி காணியை விட்டாப் பிறகு போய்ப் பார்த்தால் அவவின்ரை குசினிக்குள்ளாலை ஆலமரம் வளர்ந்து கூரையைப் பிளந்து நிண்டதாம். "எங்கடை வீட்டிலை சும்மா பார்த்ததை இஞ்சை டொலர் குடுத்துப் பார்க்கவோ தம்பி" எண்டு கேட்டிட்டு ஒரு கல்லிலை இருந்து வடையைக் கடிக்கத் தொடங்கினா. சிரிச்சனாங்கள்தான், ஆனா அதுக்குப் பிறகு எனக்கும் படமெடுக்க மனம் வரேல்லை.

உனக்கு எழுதவேணும் எண்டு நினைச்சது பபுவோன் கோயிலைப் பற்றித்தான், ஆயுசு முழுக்க பிளான் கீறினவன் நீ. அது 11ஆம் நூற்றாண்டுச் சிவன் கோயில், உள்ளுக்கை மண்ணை நிரப்பி வெளியாலை கல்லு அடுக்கினது, மழைக்கு மண் ஊறி ஊறிச் சரிஞ்சு போச்சு. 1960களிலை பிரெஞ்சுக்காரர் கல்லு கல்லாக் கழட்டி நம்பர் போட்டு காட்டுக்கை பரப்பி வைச்சவை, ஏறக்குறைய மூண்டு லட்சம் கல்லு. பேந்து சண்டை, எல்லாரும் ஓடிட்டினம், 1975 இலை கெமர் ரூஜ் எண்ட கம்யூனிஸ்ட் படை ஆட்சியைப் பிடிக்க, எந்தக் கல்லு எங்கை எண்டு எழுதின கடுதாசி முழுக்க அழிஞ்சு போச்சு. கடுதாசி அழிஞ்சா என்ன எண்டு எங்களுக்கு ஆரும் வந்து சொல்லத் தேவையில்லை, 1981 இலை யாழ்ப்பாண நூலகத்தோட 97,000 புத்தகம் போனதைக் கண்ட ஆக்கள். 1995 இலைதான் திருப்பி வேலை தொடங்கினவை. சாந்து இல்லாமல் அடுக்கினது, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரே ஒரு இடந்தான், மாறி வைச்சாப் பொருந்தாது. உள்ளுக்கை கொங்கிறீட் சுவரும் குடுத்து 2011 இலை முடிச்சிருக்கினம். அதைப் பார்க்க எங்களுக்குத் தந்தது இருவது நிமிசம்! பாதிச்சனம் இளநீர்க் கடையிலை நிண்டிட்டுது. நான் மட்டும் அந்தப் பெரிய படியிலை இருந்து பார்த்துக்கொண்டிருந்தன், சுத்திவரப் புல்லுக்கை இன்னும் மிச்சக் கல்லுகள் கிடக்கு.

பின்னேரம் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் பட்டுச்சீலை காட்டினதையெல்லாம் விடு.

ஆவணியிலை நல்லூருக்கு வாறதெண்டு சொன்னனி, ரிக்கற் போட்டிட்டியோ? வரேக்கை முழங்காலுக்குப் போடுற உறை ரெண்டு கொண்டு வா, இஞ்சை விக்கிறது ஒரு கிழமையிலை தொளதொளத்துப் போகுது. படமெல்லாம் வட்ஸ்அப்பிலை அனுப்பிறன், பபுவோன் படத்தை மட்டும் பெருப்பிச்சு அந்தப் பொருத்துகளைப் பார், பார்த்திட்டு இரவிலை கோல் எடு, பகலிலை நான் நித்திரை.

உன்ரை மச்சான்