மதகுக்குள் ஒரு திண்டு வையுங்கள்: பிரதேச சபைகளுக்குத் திறந்த மடல்

ஈரநிலங்களைத் தம் எல்லைக்குள் கொண்ட பிரதேச சபைத் தவிசாளர்களுக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம்.

வீதியில் அடிபட்டுக் கிடக்கும் கொடுப்புலியைக் கண்டவர்கள் பலரும் சிறுத்தைக் குட்டி என்றே சொல்வார்கள். வாலைப் பார்த்தால் தெரிந்துவிடும். சிறுத்தையின் வால் நீண்டது. கொடுப்புலியின் வால் கட்டை, உடல் நீளத்தில் பாதிகூட வராது. நெற்றியிலிருந்து பிடரிவரை கரிய கோடுகள் ஓடும். மீன்பிடிப் பூனை என்பதும் இதுதான். இலங்கையின் சிவப்புப் பட்டியல் இதை அழியும் ஆபத்திலுள்ள விலங்காகக் குறித்திருக்கிறது.

அடர்காடு இதற்குக் கட்டாயமில்லை. சம்பு, நாணல், கண்டல், வாய்க்கால் கரை என்று தண்ணீரும் மறைவும் உள்ள இடமே போதும். கொழும்பின் சதுப்புகளிலும், தியசரு பூங்காவை அண்டியும்கூட இது வாழ்கிறது. இரவில் கரையில் குந்தியிருந்து, முன்னங்காலால் நீர்ப்பரப்பை மெல்லத் தட்டும்; மீன் கிட்ட வந்ததும் வாரிப்போடும், சிலவேளை தலைகீழாகப் பாயும். தோலை ஒட்டிய குட்டை மயிர் மிக நெருக்கமானது, தண்ணீரை உள்ளே விடாது. நகங்கள் முழுதாக உறைக்குள் போகாததால் சேற்றுத் தடத்தில் நகக்குறி விழக்கூடும். நகக்குறி இருக்கிறதே, நாய்தான் என்று தள்ளிவிடாதீர்கள். கொடுப்புலி எலியையும் பிடித்துத் தின்னும். எலிக்காய்ச்சலுக்குச் செலவழிக்கும் சபைகள் இதைக் கவனிக்கலாம்.

நாங்கள் முக்கியமாகக் கேட்பது வீதிக்குக் கீழே தண்ணீர் போகும் மதகைப் பற்றித்தான். நன்றாக நீந்தும் விலங்கென்றாலும் கொடுப்புலி நடமாடுவது கரையோரமாகவே. மழைக்குக் குழாய் மதகு வாய்வரை நிரம்பினால் உள்ளே கால்வைக்க இடமில்லை. மேலேறி வீதியைக் கடக்கும். அங்கேதான் அடிபடுகிறது. புதிதாகப் பெட்டி மதகு கட்டும்போது ஒரு பக்கச் சுவரோடு 45 முதல் 50 செ.மீ. அகலத்தில் கொங்கிறீட் திண்டு வையுங்கள். மாரிகால உயர்நீர் மட்டத்துக்கு 15 செ.மீ. மேலே அது இருக்கட்டும். திண்டுக்கும் கூரைக்கும் இடையே 60 செ.மீ. வேண்டும். கோடையில் அளந்த மட்டத்தை நம்பிக் கட்டினால் முதல் மழையிலேயே திண்டு மூழ்கிவிடும்.

அதைவிடப் பெரிய பிழை, இரு முனைகளையும் அந்தரத்தில் விடுவது. சுவர் முடியும் இடத்தில் திண்டும் முடிந்தால் எந்த விலங்கும் அதில் ஏறாது. கல்லடுக்கியாவது கரையோடு சரிவாக இணைக்கவேண்டும். பழைய மதகை இடிக்கத் தேவையில்லை: பக்கத்தில், உயர்ந்த மட்டத்தில், 60 செ.மீ. விட்டமுள்ள உலர்குழாய் ஒன்றைப் புதைத்தாலே போதும். குழாய் வாய்க்கு இரு பக்கமும் வேலி இல்லாவிட்டால் விலங்கு பழைய தடத்திலேயே வீதிக்கு ஏறும். இதே வழியை நீர்நாயும் பயன்படுத்தும்.

அடுத்தது வாய்க்கால் துப்புரவு. பெக்கோவை இறக்கி இரு கரைகளையும் ஒரே நாளில் வழித்தெடுக்காதீர்கள். இந்த வருடம் ஒரு கரை, அடுத்த வருடம் மறு கரை. வேலையை வீதிப் பக்கத்தில் தொடங்கிச் சதுப்பை நோக்கிக் கொண்டுபோங்கள். எதிர்த்திசையில் போனால் விலங்கை வாகனங்களுக்கு முன்னால் நீங்களே துரத்துகிறீர்கள். குட்டிகள் தென்பட்டால் தொடாமல் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் வேலை செய்யுங்கள். தாய் பெரும்பாலும் கிட்டத்தான் பதுங்கியிருக்கும். ஆளரவம் அடங்கினால் இரவில் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகும். மறுநாள் காலையிலும் குட்டிகள் அங்கேயே கிடந்தால்தான் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். பாவம் பார்த்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பசுப்பால் பருக்குவதுதான் பல குட்டிகளுக்கு எமன்.

கோழி பறிகொடுத்தவர் சுருக்கு வைப்பதைத் தடுக்க நோட்டீஸ் ஒட்டினால் போதாது. கோழிவலை கொடுப்புலியின் பலத்துக்குத் தாங்காது. அரை அங்குலக் கண்ணுள்ள ஒட்டுக்கம்பி வலை, கூரையும் மூடிய கூடு, கொளுவி இழுத்தால் திறக்காத தாழ்ப்பாள், இவற்றுக்கு மானியம் கொடுங்கள்.

இறந்த விலங்கைப் புதைக்கும் முன் திகதி, கிலோமீற்றர் கல், மிக அருகிலுள்ள மதகு ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். ஒரே மதகின் பெயர் இரண்டாம் முறை வந்தால், முதல் திண்டு அங்கே.

இப்படிக்கு,
ஈரநில விலங்குகளைக் கவனித்துவரும் குழுவினர்