மாதத்தில் ஒரு காலைக்காட்சி கொடுங்கள், அண்ணாச்சி

திருநெல்வேலி, பாளையங்கோட்டை திரையரங்க உரிமையாளர்களான அண்ணாச்சிமாருக்கு,

வணக்கம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உங்கள் அரங்கில் ஆவணப்படம் போட இடம் கேட்டு இதை எழுதுகிறேன்.

"அதுக்கெல்லாம் யாருவே வருவா?" என்பீர்கள். நியாயம்தான். ஆவணப்படம் என்றாலே எங்கள் வயதுக்காரர்களுக்கு நியூஸ்ரீல்தான் ஞாபகம் வரும். 1948-இல் அதை எடுக்கிற மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் தொடங்கியது. அப்புறம் பல வருஷங்களுக்கு படத்துக்கு முன்னால் அதைப் போட்டே ஆக வேண்டும். அது முடியட்டும் என்று நாங்கள் வெளியே முறுக்குத் தின்றுகொண்டு நிற்போம்.

போன வருஷம் திசையன்விளைப் பக்கம் ஒரு ஊரில், சுவரில் வேட்டியைக் கட்டி, பனையேறிகளைப் பற்றிய படம் ஒன்றைப் போட்டோம். முன்னால் ஒரு தாத்தா. முப்பது வருஷம் பனையேறியவர். திரையில் ஒருவர் கலயத்தைப் பாளையில் மாட்டியதும் எழுந்துவிட்டார். "ஏல, சுண்ணாம்பு தடவவே இல்லியே! விடிஞ்சா அது பதனியா இருக்காது, கள்ளுல்லா இருக்கும்?" சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, கலயத்தின் உள்பக்கம் எப்படித் தடவுவது, கூடிப்போனால் குடிக்கிற வாய் என்ன ஆகும் என்று விளக்கினார். போனையே பார்த்துக்கொண்டிருந்த அவர் பேரன் அப்போதுதான் தலையைத் தூக்கினான்.

ஆவணப்படத்தில் வருவதெல்லாம் சத்தியம் என்று நான் சொல்லவில்லை. 1922-இல் வந்த 'நானூக் ஆஃப் தி நார்த்' படத்திலேயே, துப்பாக்கி வைத்திருந்த வடதுருவப் பக்கத்து மக்களை ஈட்டியால் வேட்டையாடச் சொல்லித்தான் எடுத்தார்கள். அதனால்தான் தனியாகப் போனில் பார்ப்பது போதாது என்கிறேன். சுண்ணாம்பு எங்கே என்று கேட்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

படத்துக்கு உள்ள வலுவும் சாதாரணமில்லை. டெக்சாஸில் செய்யாத கொலைக்குச் சிறையில் கிடந்த ஒருவரின் வழக்கை 'தி தின் புளூ லைன்' 1988-இல் கிளறியது. மறுவருஷமே அவர் வெளியே வந்தார். அவ்வளவு தூரம் போவானேன்? 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் தடியடி நடந்து, 17 பேர் தாமிரபரணியில் செத்தார்கள். அதை ஆர்.ஆர்.சீனிவாசன் 'நதியின் மரணம்' என்று எடுத்தார். வெளியூர்க்காரருக்கு அது ஒரு செய்தி. நமக்கு, அது நடந்த இடம் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற கொக்கிரகுளம்.

தணிக்கைச் சான்றிதழ் உள்ள படங்களாகவே கொண்டுவருகிறோம். கரண்டுச் செலவையும் ஆபரேட்டர் சம்பளத்தையும் டிக்கெட் காசிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் நாங்கள் போடுகிறோம். படம் முடிந்ததும் விரட்டாமல், விளக்கைப் போட்டு அரை மணி நேரம் பேச விடுங்கள், சரியா? தாத்தாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இப்போது அவருக்கு பால்கனிப் படி ஏற முடியாது. கீழே ஒரு சீட் போதும்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு ரசிகன்