மலேரியா மருந்தாய்வை நொதியத்திலிருந்து தொடங்குங்கள்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விஞ்ஞான பீட, மருத்துவ பீட, சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுவினருக்கு,

வணக்கம்.

இலங்கைக்குள்ளேயே தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்ரோபரில் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி நுளம்பு பிடிபட்டது. பிறகு குடாநாட்டிலும் கண்டார்கள். கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் குடம்பி விடும் நகரத்து நுளம்பு அது. எமது வீட்டு வளவில் இரண்டுமே இருக்கின்றன. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகள்தான் என்று எண்ணி ஆறுதலடைந்த பிறகு, அந்தப் பத்தாண்டு முடியமுன்னரே நோய் இலட்சக்கணக்கானோரைப் பிடித்தது. நுளம்பைக் கவனிப்பது போலவே மருந்தையும் கவனிக்கவேண்டிய இடம் யாழ்ப்பாணம் என்பது எமது கருத்து.

நாம் கேட்பது ஒன்று. மூன்று தரப்பும் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு நொதிய ஆய்வு மேசையை அமையுங்கள். உயிருள்ள ஒட்டுண்ணியை இங்கே வளர்க்கவேண்டாம். ஒட்டுண்ணியின் இரண்டு நொதியங்களைப் பற்றீரியாவில் ஆக்கி, அவற்றை அடைக்கும் சேர்வைகளைத் தேடுங்கள்.

ஏன் நொதியம்? மலேரியா ஒட்டுண்ணியால், டிஎன்ஏ, ஆர்என்ஏ ஆகியவற்றின் கட்டுமானக் கூறான பிரிமிடினை ஆயத்தமாக வெளியிலிருந்து எடுத்துப் பயன்படுத்த முடியாது. தேவையானது முழுவதையும் தானே ஆக்கவேண்டும். மனிதக் கலம் புதிதாக ஆக்கவும் செய்யும், பழையதை மீட்டெடுக்கவும் செய்யும். ஆகவே அந்த ஆக்கப் பாதையில் உள்ள டைஹைட்ரோஓரோடேட் டிஹைட்ரோஜினேஸை, சுருக்கமாக டிஎச்ஓடிஎச்சை அடைத்துவிட்டால் ஒட்டுண்ணிக்கு மாற்றுவழி இல்லை. செங்குருதிக் கலத்துள் வளரும் பருவத்தில் அதன் இழைமணியின் இலத்திரன் கடத்தற் சங்கிலி செய்யும் முதன்மையான வேலையே இந்த நொதியத்துக்கு வேண்டிய, இலத்திரனை ஏற்கும் யுபிகுவினோனைத் திரும்பத் திரும்ப ஒட்சியேற்றிக் கொடுப்பதுதான். டிஎஸ்எம்265 என்ற சேர்வை இந்த நொதியத்தைக் குறிவைத்தே மனிதச் சோதனைவரை போனது. பெருவில் நடந்த சோதனையில் சிலருக்கு நோய் திரும்பியபோது, நொதியத்தின் 276ஆம் இடத்து அமினோ அமிலமான சிஸ்டீன் மாறியிருந்தது. குறி சரி, ஆனால் தனியே கொடுக்கக்கூடாது என்பதை அந்த முடிவு காட்டியது.

இரண்டாவது, டைஹைட்ரோபோலேட் ரிடக்டேஸ், அதாவது டிஎச்எப்ஆர். பிரிமெத்தமின் என்ற பழைய மலேரியா மருந்து அடைத்த நொதியம் இதுதான். 108ஆம் இடத்துச் செரின் அஸ்பரஜினாக மாறியதும் மருந்தின் வலு சரிந்தது. 51, 59, 164ஆம் இடங்களின் விகாரங்களும் சேரச் சேர மேலும் சரிந்தது. பிரிமெத்தமின் விறைப்பான மூலக்கூறு. அதன் குளோரின் அணு புதிய பக்கச்சங்கிலியில் இடிக்கிறது. 2003இல் தாய்லாந்து ஆய்வாளர் வெளியிட்ட படிகக் கட்டமைப்பு இதைத் தெளிவாகவே காட்டியது. அதன் பின்னர் அவர்கள் வடிவமைத்த பி218, நொதியம் மாற்றியமைக்கும் இயற்கையான மூலக்கூறு, அதாவது கீழ்ப்படை, அமரும் இடத்துக்கு அப்பால் எங்கும் நீட்டாது. அதைத் தடுக்கும்படி ஒட்டுண்ணி தன் நொதியத்தை மாற்றினால், தன் கீழ்ப்படையையே பிடிக்கமுடியாமல் தடுமாறும். மருந்து வடிவமைப்பில் இதைவிட நல்ல பாடம் மாணவருக்குக் கிடைப்பது கடினம்.

எமது நாட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இலங்கையில் மிகுதியாக இருந்தது பிளாஸ்மோடியம் வைவாக்ஸ். மலேரியாவின் மற்றோர் ஒட்டுண்ணியான பல்சிபாரத்தை 1976 முதல் ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வளர்க்கிறார்கள். வைவாக்ஸை அப்படி வளர்க்கும் வழி இன்றுவரை கைவரவில்லை. ஆனால் வைவாக்ஸின் டிஎச்எப்ஆரையும் டிஎச்ஓடிஎச்சையும் பற்றீரியாவில் ஆக்கலாம். மூன்றாவது குப்பியில் மனித நொதியம் இருந்தால், தெரிவுத்தன்மையும் அதே மேசையிலேயே தெரிந்துவிடும். ஈரலில் உறங்கும் வைவாக்ஸ் பருவத்தை இந்த இரு நொதியங்களின் நிரோதிகளும், அதாவது அவற்றை அடைக்கும் சேர்வைகளும், தீர்க்கமாட்டா என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறோம்.

நடைமுறைக்கு வருவோம். பல்சிபாரத்தின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 80 சதவீதம் அடினினும் தைமினும். இயற்கை மரபணுவை அப்படியே ஈ. கோலை என்ற பற்றீரியாவில் இட்டால் புரதம் அரைகுறையாக நிற்கும், அல்லது கரையாத கட்டியாகப் படியும். பற்றீரியாவுக்கு ஏற்றபடி திருத்தி எழுதிய செயற்கை மரபணுவையே வாங்குங்கள். டிஎச்ஓடிஎச்சில் சவ்வில் பதியும் முன்பகுதியை வெட்டிவிட்டு 158 முதல் 569 வரையான துண்டை எடுக்கவேண்டும். புரத ஆக்கத்தைத் தூண்டியபின் 18 முதல் 20 பாகை செல்சியசில் இரவு முழுவதும் மெதுவாக வளரவிடுங்கள். 37 பாகையில் அவசரப்பட்டால் கட்டிதான் மிஞ்சும்.

டிஎச்எப்ஆர் அளவீடு எளிது: பிஎச் 7.0 தாங்கற் கரைசல், டைஹைட்ரோபோலேட் 100 மைக்ரோமோலார், நொதியம் பயன்படுத்தும் துணைப்பொருளான என்ஏடிபிஎச் 100 மைக்ரோமோலார், 340 நனோமீற்றரில் உறிஞ்சல் குறைவதைப் பார்க்கவேண்டும். கெடுவது பெரும்பாலும் டைஹைட்ரோபோலேட். காற்றுப் பட்டாலே ஒட்சியேறும். மேர்கப்டோஎத்தனோல் சேர்த்து, இருளில், சிறு சிறு பங்காக உறையவைத்து, எடுத்த பங்கை அன்றே முடித்துவிடவேண்டும். காலையில் வந்த வேகம் மாலையில் வராவிட்டால் நொதியத்தைக் குறைசொல்லமுன் இதைப் பாருங்கள்.

டிஎச்ஓடிஎச் அளவீட்டில்தான் எமது பெரிய கவலை. அங்கே டிசிஐபி என்ற நீலச் சாயம் 600 நனோமீற்றரில் நிறமிழப்பதை அளக்கிறோம்: பிஎச் 8 தாங்கல், டைஹைட்ரோஓரோடேட் 200 மைக்ரோமோலார், டெசைல்யுபிகுவினோன் 20, டிசிஐபி 120, கூடவே ட்ரைட்டன் என்ற சவர்க்காரப் பொருள் சிறிதளவு. இப்போது இதனுள் ஒரு மூலிகைச் சாற்றை விடுங்கள். டிசிஐபி என்பது எலுமிச்சம் புளியில் வைற்றமின் சி அளக்கப் பள்ளிக்கூடத்தில் பயன்படுத்தும் அதே சாயம். நெல்லிக்காயோ கடுக்காயோ, பொலிபீனோல் நிறைந்த எந்தச் சாறும் நொதியம் இல்லாமலேயே அதை வெளுத்துவிடும். தட்டில் நீலம் சில நொடிகளில் போய்விடுகிறது. வாசிப்பான் இரண்டு நிமிடம் கழித்து அளக்கத் தொடங்குகிறது. குறைவதற்குச் சாயமே இல்லாததால் கோடு படுக்கையாக வருகிறது. கணினி அதை 100 சதவீத நிரோதம் என்று எழுதுகிறது. நொதியத்தை யாரும் தொடவே இல்லை. ஆகவே ஒவ்வொரு சாற்றுக்கும் நொதியமற்ற குழி ஒன்று, கீழ்ப்படையற்ற குழி ஒன்று, பூச்சிய நேரத்திலிருந்து வாசிப்பு என மூன்றும் இல்லாத முடிவை ஏற்காதீர்கள். பொலிபீனோல் வகையான தனினை பொலிவைனைல்பொலிபைரோலிடோனால் முதலில் நீக்கவேண்டும். தூய சேர்வை கிடைத்தபின், சாயமே இல்லாமல் ஓரோடேட் உருவாவதை 296 நனோமீற்றரில் நேரடியாக அளந்து உறுதிப்படுத்தலாம்.

அடுத்த பொறி, கூழ்மத் திரள். கரைதிறன் குறைந்த சேர்வைகள் நுண்திரள்களாகச் சேர்ந்து நொதியத்தை ஒட்டிக்கொண்டு அடைத்ததுபோல் காட்டும். 0.01 சதவீத ட்ரைட்டன் சேர்த்ததும் நிரோதம் மறைந்தால் அது திரள்தான். அந்தச் சேர்வையை அங்கேயே விட்டுவிடுங்கள். குர்குமின், குவினோன் வகைகள் எந்த நொதியத்தோடும் உறவாடும் என்பதால் அவற்றுக்கு இரட்டிப்புச் சான்று வேண்டும். நொதியம் 10 நனோமோலார் இட்டால் 5 நனோமோலாருக்குக் கீழ்ப்பட்ட ஐசி50ஐ, அதாவது நொதிய வேகத்தைப் பாதியாக்கும் செறிவை, அந்த அளவீட்டிலிருந்து பெறமுடியாது. வலிமையான சேர்வைகளுக்கு நொதியத்தைக் குறைக்கவேண்டும்.

எமது ஊர்க் காற்றின் ஈரம் தனிச் சிக்கல். சேர்வைகளைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ நீரை இழுக்கும். 10 மில்லிமோலார் இருப்புக் கரைசலைத் திறந்து திறந்து மூடினால் செறிவும் குறையும், சேர்வையும் அடியில் படியும். ஒருமுறை பயன்படுத்தும் சிறு குழாய்களில் பிரித்துவைப்பது வீண்செலவாகாது. நொதியத்தை 20 மைக்ரோலீற்றர் பங்குகளாகக் கிளிசரோலில், மறை 80 பாகையில் வையுங்கள்; அந்த உறைபெட்டிக்கு மின்பிறப்பாக்கி இணைப்பு முதல் நாளிலிருந்தே வேண்டும். சுண்ணக்கல் நீர் வடிகட்டிகளை விரைவில் அடைக்கும் என்பதால், தூயநீர்ப் பொறிக்கு முன்னால் மென்னீராக்கி ஒன்றும் தேவை.

சித்த மருத்துவத் தரப்பினரிடம் ஒரு சிறப்பு வேண்டுகோள். நோயாளி குடிப்பது நீரில் காய்ச்சிய குடிநீர்; ஆய்வுகூடத்தில் பெரும்பாலும் சோதிக்கப்படுவது மெதனோல் சாறு. இரண்டிலும் உள்ள சேர்வைகள் ஒன்றல்ல. நிலவேம்பானாலும் வேம்பானாலும் குடிநீரையும் சேர்த்தே சோதியுங்கள். மூலிகையை இனங்காணுவதிலும் பறிக்கும் பருவத்தைச் சொல்வதிலும் உங்கள் அறிவு இல்லாமல் இந்த மேசை நகராது.

நொதியத்தில் வென்ற சேர்வை கலத்துக்குள் தோற்பது வழமை. நான்கு சவ்வுகளைக் கடக்கவேண்டிய இடமும் உண்டு. ஆகவே ஒட்டுண்ணிச் சோதனை கட்டாயம் வேண்டும். ஆனால் ஸ்டெபென்சி பறக்கும் ஊரில் பல்சிபாரத்தை வளர்க்கவேண்டிய அவசியம் இல்லை. ஆபத்து சிறிதென்றாலும் தேவையற்றது. ஏற்கெனவே வளர்க்கும் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றோடு எழுத்தில் உடன்பாடு செய்து சேர்வைகளை அனுப்புங்கள். அந்த உடன்பாட்டில் இவற்றைக் கேளுங்கள்: 3டி7, டிடி2 ஆகிய இரண்டு பல்சிபார வகைகளிலும் சோதனை, டிஎச்எப்ஆர் நிரோதி என்றால் போலிக் அமிலமும் பாபா எனப்படும் பரா-அமினோபென்சோயிக் அமிலமும் குறைந்த ஊடகம், ஏனெனில் வழமையான ஆர்பிஎம்ஐ 1640இல் இரண்டும் லீற்றருக்கு 1 மில்லிகிராம் இருந்து நிரோதியின் வலுவை மறைக்கும், டிஎச்ஓடிஎச் நிரோதி என்றால் மதுவத்தின் டிஎச்ஓடிஎச்சைப் புகுத்திய ஒட்டுண்ணி வகையிலும் சோதனை. அந்த வகை சாகாமல் தப்பினால்தான் அடிபட்டது இந்தப் பாதை என்று நம்பலாம்.

முதல் ஆண்டில் புதிய சேர்வை எதையும் தொடவேண்டாம். பிரிமெத்தமின், மெத்தோட்ரெக்சேட், டபிள்யூஆர்99210, டிஎஸ்எம்265 ஆகிய ஏற்கெனவே தெரிந்த நான்கு நிரோதிகளையும் ஒட்டுண்ணியினதும் மனிதனதும் நொதியங்களில் மூன்று தனித்தனி நாட்களில் அளந்து, ஏற்கெனவே வெளியான மதிப்புகளோடு ஒப்பிடுங்கள். மூன்று மடங்குக்குள் ஒத்துவந்தால் மேசை ஆயத்தம். ஒத்துவராவிட்டால் ஏன் என்று கண்டுபிடிக்கும்வரை ஒரு மூலிகையையும் மேசைக்குக் கொண்டுவரவேண்டாம். இதற்கான இடம், உறைபெட்டி, ஒரு முழுநேர ஆய்வு உதவியாளர் ஆகிய மூன்றையும் அடுத்த வரவுசெலவில் சேர்க்குமாறும், மூன்று தரப்பையும் ஒரே கூட்டத்துக்கு அழைக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். அளவீட்டு முறைகளை எழுதித் தரவும் மாணவரைப் பழக்கவும் நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த உயிரிரசாயன, ஒட்டுண்ணியியல் ஆசிரியர்கள் சிலர்